உங்களுக்குத் தெரியுமா? மானை வரவழைக்கும் வாடை

நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்தால், வில், அம்பு, தோட்டா, ரப்பர் பூட்ஸ் எல்லாம் தாண்டி ஒரு அலமாரி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள் இருப்பதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது மான் மூத்திரம். 30 மில்லி, 60 மில்லி, 120 மில்லி என்று அடைத்து, பருவத்துக்கு வந்த பிணையினுடையது (பெண்மான்), முற்றிய கலையினுடையது (ஆண்மான்), சாதாரணப் பிணையினுடையது என்று தனித்தனியாகச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். டிங்க்ஸ், கோட் புளூ போன்ற பெயர்கள் அங்கே வேட்டைக்காரர் வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மானின் வாடையைக் காட்டியே மானை வேட்டைக்காரர் உட்காரும் பரணுக்குப் பக்கத்தில் வரவழைக்கலாம் என்ற நம்பிக்கைதான் இந்த வியாபாரத்தின் முதல். அந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, அந்தக் குப்பியோடு காட்டுக்குள் வேறு என்ன போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம்.

எந்த மான்?

பெரும்பாலும் வெள்ளைவால் மான். மிரண்டு ஓடும்போது வாலை நிமிர்த்தி அடிப்பக்கத்து வெள்ளையைக் காட்டும். பெயர் அதனால் வந்தது. கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதிவரை பரவியிருக்கிறது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் வரைமுறையில்லாமல் சுட்டுத்தள்ளியதில் 1900 வாக்கில் அமெரிக்காவில் எஞ்சியவை 5 லட்சத்துக்கு மேல் இராது என்று கணிக்கிறார்கள். இன்று அங்கே சுமார் 3 கோடி இருக்கின்றன. சந்தையில் விற்பதற்காக வேட்டையாடுவதைச் சட்டம் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் வசூலாகும் 11 சதவீத வரியைக் காட்டுயிர் வளர்ப்புக்கே திருப்பிவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசியில் வரும் 9 நாள் துப்பாக்கிப் பருவத்துக்கு மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் எடுக்கிறார்கள். நம் ஊரில் நிலைமை நேர்மாறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம்.

உடம்பெல்லாம் வாடை

ஒரு வெள்ளைவால் மானின் உடம்பில் வாடை பிறக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: நெற்றித் தோல், கண்ணின் உள்மூலை, மூக்குத் துளையின் உள்பக்கம், நான்கு குளம்புகளின் பிளவு, பின்னங்கால் முட்டியின் உள்பக்கம், அதற்குக் கீழே வெளிப்பக்கம், ஆண்குறியின் உறை. ஒவ்வொரு இடத்துச் சுரப்பிக்கும் ஒவ்வொரு வேலை.

குளம்புப் பிளவை விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பை தெரியும். அதில் ஊசிப்போன வெண்ணெயின் நாற்றத்தோடு மெழுகுப் பதத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். மான் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அதில் துளி மண்ணில் படுகிறது. தாய் குட்டியைத் தேடிப் போவதும், கலை பிணையின் தடத்தை மோப்பம் பிடித்து மணிக்கணக்கில் பின்தொடர்வதும் இந்த மெழுகை வைத்துத்தான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் இதைப் பிரித்துப் பார்த்தபோது, ஆவியாகும் பொருட்கள் மட்டுமே நாற்பதுக்கு மேல் இருந்தன. கூட்டத்தில் உயர்ந்த நிலையில் இருக்கும் கலைக்கும் அடங்கிப்போகும் கலைக்கும் அவற்றில் சிலவற்றின் அளவு வேறுபட்டது. ஆக, மண்ணில் பதிந்த காலடியை முகர்ந்தே, போனவன் பெரியவனா சின்னவனா என்று இன்னொரு மானால் அறிய முடியலாம். ஆபத்தை உணர்ந்த மான் முன்னங்காலால் தரையை ஓங்கி மிதிக்கும்போதும் இதே வாடை அங்கே அழுத்தமாகப் படிகிறது.

கணுக்கால் கறை

வேட்டைக்காரர்கள் அதிகம் பேசுவது பின்னங்கால் முட்டியின் உள்பக்கத்தில் இருக்கும் மயிர்க்கற்றையைப் பற்றித்தான். மான் இரண்டு பின்னங்கால் முட்டிகளையும் ஒட்டிவைத்து, முதுகைக் குனித்து, அந்த மயிர் மேலேயே மூத்திரம் பெய்யும். பிறகு இரண்டு முட்டிகளையும் உரசிக்கொள்ளும். ஆண், பெண், குட்டி என்று எல்லா மான்களும் வருடம் முழுக்க இதைச் செய்கின்றன. மயிரின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பு மூத்திரத்தில் இருக்கும் சில பொருட்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. கடைசியில் கிளம்பும் வாடை அந்த மானுக்கே உரியது. இணைசேரும் பருவத்தில் முற்றிய கலைகளின் இந்த மயிர் செம்பழுப்பாகி, பிறகு கன்னங்கரேலென்று ஆகிவிடும். கறை கால் வழியே குளம்புவரை வழிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு கலை இருக்கும் இடத்தைக் காற்று சாதகமாக இருந்தால் மனித மூக்கே கண்டுபிடித்துவிடும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொள்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கிடா வீச்சம் வருவது இதனாலும்தான்.

மேற்கு அமெரிக்காவின் கருவால் மான்களைப் பல ஆண்டுகள் கவனித்த டீட்லாண்ட் முல்லர் ஷ்வார்ட்சே, ஒரே கூட்டத்து மான்கள் ஒன்றின் முட்டியை ஒன்று முகர்ந்து அடையாளம் சரிபார்த்துக்கொண்டே இருப்பதை 1970களில் எழுதினார். அதற்கு முன்பே, 1969இல், அவரும் வேதியியலாளர்கள் சிலரும் சேர்ந்து அந்த மயிரிலிருந்து ஒரு முக்கியமான பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். பாலூட்டிகள் வாடையால் பேசிக்கொள்வதை வேதியியல்படி காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று.

பழைய வேட்டைக்காரர்கள் குப்பியை நம்புவதில்லை. அடித்த கலையின் காலிலிருந்து அந்த மயிர்த்தோலை வெட்டியெடுத்து, நெகிழிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை பரணுக்குப் போகும்போது அதைக் கிளையில் தொங்கவிடுவார்கள். அதை வெட்டிய கத்தியும் தொட்ட கையும் இறைச்சியில் படக்கூடாது. பட்டால் அந்த வாடை கறியில் ஏறிவிடும்.

உதட்டைச் சுருட்டுவது ஏன்?

பிணை மூத்திரம் பெய்த இடத்துக்கு வந்த கலை, மூக்கை வைத்து முகர்ந்து, நாக்கில் கொஞ்சம் எடுத்து, தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிச் சில விநாடிகள் அப்படியே நிற்கும். எருமைக்கடா, கிடா, குதிரை எல்லாம் இதைச் செய்யும். மேலண்ணத்தில் இருக்கும் இரண்டு சின்னத் துளைகள் வழியாக, மூக்கின் அடியில் இருக்கும் தனியான ஓர் உணர்வுறுப்புக்குள் அந்த ஈரம் இழுக்கப்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்ததால் அது ஜேக்கப்சன் உறுப்பு என்றே வழங்குகிறது. பிணை பருவத்தில் இருக்கிறதா, எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை இந்த உறுப்பு வழியாகவும் கலை தெரிந்துகொள்கிறது.

இங்கேதான் குப்பிக்காரர்களின் விளம்பரம் தடுமாறுகிறது. காற்றில் மிதந்து மூக்குக்கு வரும் வாடை வேறு. நாக்கால் எடுத்து ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பும் ஈரம் வேறு. குப்பி மூத்திரத்தில் நனைத்து, பரணிலிருந்து 20 மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட பஞ்சிலிருந்து முதலாவது மட்டும்தான் கலைக்குக் கிடைக்கிறது. அது அதன் ஆர்வத்தைக் கிளப்பலாம். பருவத்துக்கு வந்த பிணை இங்கே நிற்கிறது என்று அதை முழுதாக நம்பவைக்கும் என்று சொல்வது மிகை.

மண்ணைப் பறிக்கும் கலை

அக்டோபர் பிற்பாதியில் காட்டுப் பாதை ஓரங்களில் தட்டு அகலத்திலிருந்து சாக்கு அகலம்வரை சருகில்லாத, புதிதாகக் கிளறிய மண் தென்பட ஆரம்பிக்கும். கலை முன்னங்காலால் சருகை ஒதுக்கி, மண்ணைப் பறித்து, அதில் நின்று முட்டிகள் வழியே மூத்திரத்தை விடும். கவனிக்க வேண்டியது கீழே அல்ல, மேலே. பறித்த மண்ணுக்கு நேர் மேலே, மானின் தலை எட்டும் உயரத்தில், ஒரு தாழ்ந்த கிளை கட்டாயம் இருக்கும். கலை அதை வாயில் கவ்வி, நக்கி, நெற்றியையும் கண்மூலையையும் அதில் தேய்க்கும். கிளை முனை ஒடிந்து தொங்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் லேரி மார்ச்சிண்டனும் கார்ல் மில்லரும் அவர்களுடைய மாணவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது, இந்தக் கிளைதான் அந்தச் சுற்றுவட்டாரத்து மான்களுக்கு ஊர்ச் சாவடி மாதிரி என்பது. பிணைகளும் குட்டிக் கலைகளும்கூட வந்து முகர்ந்து, தங்கள் வாடையையும் விட்டுப் போகின்றன. மண் பறிப்பது இணைசேரும் பருவத்தில்தான் மும்முரம். கிளையை மோப்பம் பிடிப்பது வருடம் முழுக்க நடக்கிறது.

நெற்றிச் சுரப்பியும் பெரிய கலைகளுக்கே அதிகம் வேலை செய்யும். இளமரங்களில் அவை கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிப்பது கொம்பைத் தீட்டுவதற்கு மட்டும் அல்ல. உரிந்த மரத்தில் நெற்றியின் வாடையைப் பூசுவதற்கும்தான்.

வேட்டைக்காரர்கள் இந்தப் பறிப்பைத் தாங்களே உண்டாக்குவார்கள். தாழ்ந்த கிளைக்குக் கீழே ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி, கையுறை போட்டுக்கொண்டு, குப்பி மூத்திரத்தைச் சொட்டவைப்பார்கள். கலைகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் பறிப்புகளுக்குக் கலைகள் வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகு என்று தானியங்கிக் கேமராக்கள் காட்டிவிட்டன. சட்டப்படி வேட்டை பகல் வெளிச்சத்தில்தான். ஆகவே அனுபவசாலிகள் செயற்கைப் பறிப்பை மானைச் சுடும் இடமாக நினைப்பதில்லை. அந்தப் பகுதியில் எத்தனை கலைகள், எவ்வளவு பெரியவை என்று கேமராவில் கணக்கெடுக்கும் இடமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றரை நாள் வாய்ப்பு

ஒரு வெள்ளைவால் பிணை பருவத்தில் இருப்பது ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள். அந்த இடைவெளியில் சினையாகாவிட்டால் சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். பகலின் நீளம் குறைவதை உடம்பு உணர்ந்து இந்தக் கணக்கைத் தொடங்குவதால், வட மாநிலங்களில் ஆண்டுதோறும் நவம்பர் நடுப்பகுதியில்தான் உச்சம். குளிர் கூடினாலும் குறைந்தாலும் தேதி பெரிதாக நகர்வதில்லை. சுமார் 200 நாள் சினை. குட்டி பிறப்பது புல் தழைக்கும் மே, ஜூனில்.

இதனால்தான் பருவ மூத்திரக் குப்பியை செப்டம்பரிலேயே திறப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அப்போது காட்டில் எந்தப் பிணையும் பருவத்தில் இல்லை. அந்த வாடைக்குப் பொருளே இல்லை. முன்கூட்டியே போகிறவர்கள் சாதாரணப் பிணையின் மூத்திரத்தைத் தெளிப்பது சரியான யோசனை. இங்கே மான்கள் நடமாடுகின்றன, பயமில்லை என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை.

குப்பிக்குள் எப்படி வருகிறது?

பண்ணையில். பிணைகளைக் கம்பிவலை போட்ட தரையில் நிறுத்தி, கீழே விழும் மூத்திரத்தைச் சரிவான தட்டு வழியே தொட்டியில் சேர்க்கிறார்கள். மூத்திரம் மட்டும் விழுவதில்லை. சாணம், எச்சில், மயிர் எல்லாம் அதே வலை வழியே விழுகின்றன. பிறகு வடிகட்டி, கெடாமல் இருக்க மருந்து சேர்த்து அடைக்கிறார்கள். பல மான்களின் மூத்திரம் ஒரே தொட்டியில் கலப்பதுதான் வழக்கம். ஒரே மானிடமிருந்து எடுத்தது என்று சொல்லித் தனியாக விற்கும் நிறுவனங்களும் உண்டு.

மூத்திரம் வெளியே வந்த கணத்திலிருந்து மாறத் தொடங்குகிறது. பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். மென்மையான ஆவிப்பொருட்கள் முதலில் பறந்துவிடும். சில மாதம் அலமாரியில் இருந்த குப்பியைத் திறந்தால் வரும் நெடியில் பெரும்பங்கு அம்மோனியாதான். அது எந்தப் பாலூட்டியின் பழைய மூத்திரத்திலும் இருக்கும். குப்பிக்குக் காசு கொடுக்கும் முன் வாடிக்கையாளர் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இழுதுணி

வாடையைப் பயன்படுத்தும் முறைகளில் மிகவும் யோசித்துச் செய்வது இதுதான். விடியுமுன் இருட்டிலேயே வேட்டைக்காரர் வண்டியிலிருந்து இறங்கி ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறார். தோல் பூட்ஸ் மனித வாடையைக் கசியவிடும், ரப்பர் கசியவிடாது. பூட்ஸில் ஒரு சரடு கட்டி, அதன் நுனியில் ஒரு முழத் துணி. மான்கள் குறுக்கே போகும் தடத்தை எட்டியதும் துணியில் நான்கைந்து துளி விட்டு இழுத்துக்கொண்டே பரணை நோக்கி நடக்கிறார். இருபது முப்பது மீட்டருக்கு ஒருமுறை நின்று மறுபடி சில துளி.

ஏன் மறுபடி? முதலில் மட்டும் நனைத்துவிட்டு நடந்தால் துணி காய்ந்துகொண்டே வரும். வாடை பரணருகே மங்கும், தொடங்கிய இடத்தில்தான் கனமாக இருக்கும். தடத்தைப் பிடித்த கலை கனமான பக்கமாகத் திரும்பி, பரணுக்கு எதிர்த்திசையில் போய்விடும். நடுநடுவே துளி சேர்த்தால் பரணை நெருங்க நெருங்க வாடை கூடும். கலையும் அந்தத் திசையில் வரும். கடைசியில் துணியைப் பரணுக்கடியில் போடக்கூடாது. அம்பு எட்டும் தூரத்தில், பரணிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டரில், பக்கவாட்டில் ஒரு கிளையில் தொங்கவிட வேண்டும். கலை அங்கே நின்று முகரும்போது அதன் விலா வேட்டைக்காரரைப் பார்த்திருக்கும். கண்கள் வேறு பக்கம் இருக்கும். வேட்டை முடிந்ததும் துணியை அவிழ்த்துப் பையில் கட்டி எடுத்துப்போய்விட வேண்டும். அங்கேயே விட்டால், ஆளில்லாத நேரத்தில் வந்து முகர்ந்து ஏமாந்த கலை அந்த இடத்தையே சந்தேகிக்க ஆரம்பிக்கும்.

காற்றுதான் எல்லாம்

எந்த வாடையும் காற்றை வெல்லாது. முற்றிய கலை வாடை வரும் இடத்துக்கு நேராக நடந்து வருவது அபூர்வம். சுற்றி வளைத்து, காற்று போகும் பக்கத்துக்குப் போய் நின்று, மூக்கைத் தூக்கிச் சோதித்த பிறகுதான் நெருங்கும். துணியும் பரணும் ஒரே நேர்க்கோட்டில் காற்றுவாக்கில் இருந்தால், துணியின் வாடையோடு மனித வாடையும் சேர்ந்தே அதன் மூக்கில் ஏறும். அதனால் துணியைக் காற்றுக்குக் குறுக்கே, பரணுக்குப் பக்கவாட்டில் வைப்பார்கள். கலை வளைந்து வந்து நிற்கும் இடம் பரணிலிருந்து வீசும் காற்றின் பாதைக்கு வெளியே அமையும்.

மலைச்சரிவில் இன்னொரு கணக்கு உண்டு. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேல்நோக்கி எழும்; மாலையில் தரை குளிரக் குளிர அது பள்ளத்துக்கு இறங்கும். காலைக்கு ஒரு பரண், மாலைக்கு ஒரு பரண் என்று வைத்திருப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

பயமுறுத்தும் மூத்திரம்

வரவழைக்கும் மூத்திரம் இருந்தால் விரட்டும் மூத்திரமும் இருக்கும். கொயோட், பாப்கேட் என்னும் வேட்டைவிலங்குகளின் மூத்திரத்தைச் செடிகளில் தெளித்தால் வெள்ளைவால் மான்கள் அவற்றைக் கடிப்பது குறைகிறது என்று 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுத் தோட்டத்தை மானிடமிருந்து காக்க அமெரிக்கர்கள் அதையும் குப்பியில் வாங்குகிறார்கள். இதில் ஒரு விசித்திரம்: சில வேட்டைக்காரர்கள் தங்கள் உடல் வாடையை மறைக்க நரி மூத்திரத்தைப் பூட்ஸில் தடவுகிறார்கள். ஒரு வாடை இன்னொரு வாடையை அழித்துவிடாது. மானின் மூக்கு இரண்டையும் தனித்தனியே பிரித்துவிடும். குளித்து, வாசனையில்லாத சோப்பில் துவைத்த துணி உடுத்தி, காற்றுக்கு எதிரே உட்காருவது இதைவிட எவ்வளவோ மேல்.

சத்தமும் ஒரு தூண்டில்

கனடாவின் கிழக்குக் காடுகளில் மூஸ் என்னும் பெருமானை வேட்டையாடுபவர்கள் பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிய ஊதுகுழலால் பெண் மூஸ் கத்துவதுபோல ஊதுவார்கள். பிறகு அதே குழலில் ஏரித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து நீரில் கொட்டுவார்கள். பெண் மூஸ் தண்ணீரில் நின்று மூத்திரம் பெய்யும் சத்தம் அது! அதைக் கேட்டு ஆண் மூஸ் கரைக்கு வரும். வாடைக்கும் அங்கே இடமுண்டு: ஆண் மூஸ் குழி தோண்டி, அதில் மூத்திரம் பெய்து, சேற்றைத் தன் தாடைத் தோலில் அள்ளித் தெளித்துக்கொள்ளும். பெண்கள் அந்தக் குழியில் புரளப் போட்டிபோடும்.

சைபீரியாவின் கிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிமான்களை வரவழைக்க மனித மூத்திரத்தையே பயன்படுத்தினார்கள். குளிர்காலத்தில் உப்புக்கு ஏங்கும் பனிமான்கள் அந்த உப்புக்காக ஓடிவரும். மந்தையைக் கூட்ட அதைத் தோல்பையில் சுமந்து திரிந்தார்கள்.

நம் பக்கம்

சங்ககால வேட்டுவர் வாடைக்குப் பதில் உயிருள்ள பிணையையே கட்டிவைத்தார்கள். பழக்கிய பெண்மானைக் கண்டு காட்டுக் கலை நெருங்கும். இதற்குப் பார்வை விலங்கு என்று பெயர். புறநானூற்றின் 320ஆம் பாட்டில் இப்படிக் கட்டிவைத்த பிணையோடு காட்டுக் கலை ஒன்று விளையாடுகிறது. வேட்டுவன் உறங்குகிறான். கலை மிரண்டுவிடக் கூடாதே என்று அவன் மனைவி அசையாமல் இருக்கிறாள். குப்பிக்காரர்கள் அடைத்து விற்க நினைப்பது அந்தப் பிணையைத்தான்.

சென்னைக்காரர்கள் கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான் கலை பின்னங்கால்களில் எழுந்து நின்று, எட்டாத கிளையில் முகத்தைத் தேய்ப்பதைப் பார்க்கலாம். வெளிமானுக்கோ கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பி நன்றாக வெளியே தெரியும். அதைப் புல்நுனியிலும் குச்சியிலும் தொட்டுத் தொட்டுக் கறுப்புப் பிசினாகப் பூசி வைக்கும். கோடியக்கரையில் பொறுமையாக நின்றால் கண்ணால் காணலாம்.

வாடையே எமனான மானும் உண்டு. இமயத்துக் கஸ்தூரி மானின் ஆணுக்கு வயிற்றடியில் ஒரு பை. அதில் ஏறக்குறைய 25 கிராம் கஸ்தூரி. அதற்காகக் கண்ணி வைத்து ஆண், பெண், குட்டி பாராமல் கொன்று தீர்த்தார்கள். அந்த மணத்துக்குக் காரணமான மஸ்கோனின் அமைப்பை 1926இல் லியோபோல்ட் ருசிச்கா கண்டறிந்தார். 1939இல் அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாசனைத் தொழில் செயற்கைக் கஸ்தூரிக்கு மாறிய பிறகும் திருட்டு வேட்டை நின்றபாடில்லை.

குப்பியோடு போகும் நோய்

1967இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்கள் எலும்பும் தோலுமாகி, எச்சில் வழிந்து, தலை தொங்கிச் செத்தன. தீனிக் கோளாறு என்றே பல ஆண்டு நினைத்தார்கள். மூளையை வெட்டிப் பார்த்து, அது ஆடுகளின் ஸ்கிரேப்பி நோயின் இனம் என்று 1970களின் இறுதியில் அடையாளம் கண்டவர் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவர். பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் என்னும் உருமாறிய புரதம். நல்ல புரதத்தையும் தன் உருவத்துக்கே மடித்துவிடும். மருந்தில்லை, தடுப்பூசியில்லை, பிழைத்த மானும் இல்லை. தொற்றிய மான் ஓராண்டுக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் நடமாடும். அந்தக் காலமெல்லாம் நோயைச் சிந்திக்கொண்டே திரியும். இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த நாட்பட்ட நலிவு நோய் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானின் இறைச்சியைத் தின்னாதீர்கள் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது. நார்வேயில் 2016இல் காட்டுப் பனிமானில் இது தென்பட்டபோது, நோர்ட்ஃபியெல்லா மலையில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட மான்களின் கூட்டத்தையே 2018க்குள் அழித்துவிட்டார்கள்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2006இல் எச்சிலிலும் ரத்தத்திலும், 2009இல் மூத்திரத்திலும் பிரியானைக் கண்டார்கள். மூத்திரத்தில் அளவு மிகக் குறைவு. ஒரு குப்பியால் ஒரு காட்டில் நோய் பரவியதாக நிரூபணமும் இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கம்பிவலைத் தரையை நினைத்துப் பாருங்கள். விழுவது மூத்திரம் மட்டும் அல்லவே. மண்ணில் பட்ட பிரியான் களிமண்ணோடு ஒட்டிப் பல ஆண்டு வீரியத்தோடு கிடக்கும். வடிகட்டியும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. அதை நாம் ஊற்றுவது எங்கே? சுற்றுவட்டாரத்து மான்கள் எல்லாம் வந்து மூக்கையும் நாக்கையும் வைக்கும் அதே பறிப்பில். ஒரு பண்ணையின் கழிவை நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இன்னொரு காட்டின் அந்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு, ஒரு கலை கிடைக்கலாம் என்ற வாய்ப்பு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விர்ஜீனியா 2015 ஜூலை 1 முதல் இயற்கை மான் மூத்திரத்தைத் தடை செய்தது. வேட்டையில் தெளிப்பது மட்டும் அல்ல, அதற்காகக் காட்டில் கையில் வைத்திருப்பதும் அங்கே குற்றம். வெர்மான்ட் 2016இல் தடுத்தது. அலாஸ்காவும் தடுத்திருக்கிறது. பென்சில்வேனியா நோய் உள்ள வட்டாரங்களில் மட்டும் தடுக்கிறது. வில் அம்புத் தொழில்துறைச் சங்கமான ஆர்ச்செரி டிரேட் அசோசியேஷன், வெளியிலிருந்து மான் வாங்காமல் கண்காணிப்பில் இருக்கும் பண்ணைகளின் குப்பிக்கு முத்திரை தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது; சில மாநிலங்கள் அப்படிப்பட்ட முத்திரை இருந்தால்தான் அனுமதிக்கின்றன. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. உரிமம் எடுக்கும்போதே அந்த மாநில வனவுயிர்த் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிட வேண்டும். மான் தொடாத செயற்கை வாடைகள் இந்தத் தடைக்குள் பெரும்பாலும் வருவதில்லை.

கயிறு போதும்

குப்பியே இல்லாமல் செய்யும் வழி ஒன்று இப்போது பரவியிருக்கிறது. பறிப்புக்கு மேல் இருக்கும் கிளைதான் முக்கியம் என்று தெரிந்தபின், மான் தடத்துக்குப் பக்கத்தில் தடித்த சணல் கயிற்றையோ காட்டுத் திராட்சைக் கொடியையோ மானின் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிடுகிறார்கள். நுனியைக் கொஞ்சம் பிரித்து விடுவார்கள், அவ்வளவுதான். முதலில் ஒரு பிணை வந்து முகரும். பிறகு ஒரு கலை நெற்றியைத் தேய்க்கும். சில வாரங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்து மான்களின் வாடையே கயிற்றில் ஏறிவிடும். கீழே மண்ணையும் அவையே பறிக்க ஆரம்பிக்கும். கோடையில் கட்டிய கயிறு நவம்பர்வரை வேலை செய்யும். கட்டும்போது கையுறை போட்டிருந்தால் போதும்.